‘சிஸ்டர்’ என்னும் பெயரும் மடத்து மணியும்

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாள் நெருங்கும்போது, இறந்தோரின் பெயர்ப் பட்டியலை எழுதிக்கொண்டு மக்கள் பங்கு இல்லத்துக்கு வருவது வழக்கம். பெற்றோர் பெயர், பிறந்த அன்றே இறந்த பிள்ளையின் பெயர், முகம் பார்த்தறியாத பாட்டன் பூட்டன் பெயர் என அப்பட்டியல்கள் நீளும். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், வேங்கிக்காலில் குடியிருக்கும் செவிலியர் ஒருவர் நம்மிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். அதில் பெயர்கள் இல்லை. 4, 7, 11, 12, மறுபடியும் 12 என எண்கள் மட்டுமே இருந்தன. ஒன்றும் விளங்காமல் அவரை நிமிர்ந்து பார்த்தோம். “பேரு ஞாபகம் இல்ல சாமி. கட்டில் நம்பர்தான் ஞாபகம் இருக்கு. ஆண்டவருக்குத் தெரியுமில்ல?” என்றார்.

நாம் நெகிழ்ந்து போனோம். நெகிழ்ச்சியில் வாய்க்கு வந்ததைச் சொன்னோம்: “நீங்க எல்லாம் சம்மனசுங்கம்மா. ஆண்டவர் கைம்மாறு கொடுப்பார்.” அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சம்மனசுக்குத் தூக்கம் வேண்டாம் சாமி. எனக்கு வேணும். மே மாசத்துல இருந்து சரியாத் தூங்கல” என்று சொல்லிவிட்டு, டூட்டிக்கு நேரமாயிற்றென்று புறப்பட்டுச் சென்றார்.

அந்தச் சொல் நம்மை விடவில்லை. ஒருவர் தம் களைப்பைச் சொல்ல வந்தபோது நாம் ஏன் புகழ்ச்சியை எடுத்து நீட்டினோம்? பசி என்று வந்தவருக்குப் பூமாலை போட்டதற்கு ஒப்பான செயல் அன்றோ அது! இப்பிழை நம் ஒருவருடையது மட்டுமன்று, அதற்கு நெடிய வரலாறு உண்டு என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அவ்வரலாற்றை வாசகரோடு சேர்ந்து ஒருமுறை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

பெயர் வந்த வழி

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் எம்மதத்தவராயினும், மணமானவராயினும் ஆகாதவராயினும், செவிலியரை மக்கள் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். நம் வீட்டு அக்காள் தங்கையை நினைத்து வந்த சொல்லன்று இது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நோயாளரைப் பேணியவர்கள் பெரும்பாலும் துறவற மகளிரே. அவர்களை அழைத்த பெயரே ஆங்கிலேய மருத்துவமனைகளில் நோயாளர் கூடத் தலைவியின் பதவிப் பெயராயிற்று. அங்கிருந்து கடல் கடந்து நம் ஊர் வந்து, பணியில் சேர்ந்த முதல் நாளே இளம் பெண்ணின் தலையில் அமரும் பெயராகவும் ஆயிற்று.

தமிழ்ப் பெயரும் இவ்வகையில் நோக்கத்தக்கதே. சங்க அகப் பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். ஆக, ஒரு பெயர் துறவியைக் குறிக்கிறது, மற்றது தாயைக் குறிக்கிறது. இரண்டும் உயர்ந்த பெயர்களே. ஆயின் துறவியும் தாயும் ஊதியம் பேச மாட்டார்கள், ஓய்வு கேட்க மாட்டார்கள், சலித்துக்கொள்ள மாட்டார்கள் என்பது நம் மனத்தில் ஊறிய எண்ணம். உழைத்து ஊதியம் பெறும் ஒரு மனிதப் பிறவி என்னும் பொருளை இவ்விரு பெயர்களுமே மறைத்துவிடுகின்றன.

துறவற மகளிரின் வாழ்வைக் கூர்ந்து நோக்கினால் மற்றோர் உண்மை புலப்படும். 1633-இல் புனித வின்சென்ட் தே பவுலும் புனித லூயிஸ் தே மரியாக்கும் பிரான்சில் பிறரன்புப் புதல்வியர் சபையைத் தோற்றுவித்தனர். மடத்துச் சுவர்களுக்குள் அடைபடாமல் தெருவிலும் நோயாளர் வீட்டிலும் தொண்டாற்ற அவர்கள் அனுப்பப்பட்டனர். எனினும் அவர்களுக்கென ஓர் இல்லம் இருந்தது. மணி அடித்தால் செபம், மணி அடித்தால் உணவு, மணி அடித்தால் உறக்கம். ஒருவர் நோயுற்றால் பேணுவதற்கு உடன் சகோதரிகள் இருந்தனர். முதுமையில் கைவிடாத கூரையும் இருந்தது. அர்ப்பணம் எவ்வளவு பெரிதோ, அதனைத் தாங்கும் ஒழுங்கும் அவ்வளவு உறுதியாக இருந்தது.

இவ்வொழுங்கு இன்னும் பழமையானது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு வகுத்த சட்டநூலில் சிறிய விதி ஒன்று உண்டு. பந்தியில் பரிமாறும் முறை யாருடையதோ அவருக்கு, உணவு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே கொஞ்சம் அப்பமும் பருகச் சிறிது பானமும் கொடுத்துவிட வேண்டும். முணுமுணுப்பின்றி, மிகுந்த வருத்தமின்றி அவர் பிறருக்குப் பணிசெய்ய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். பணியாளர் முணுமுணுத்தால் அவரைக் கடிந்துகொள்வது எளிது. அந்தப் புனிதரோ முணுமுணுப்புக்குக் காரணமான பசியை முதலில் ஆற்றினார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த விவேகம் பின்னாளைய மருத்துவமனைகளை முழுமையாக வந்தடையவில்லை.

விளக்கு ஏந்தியவரின் படுக்கை

துறவற இல்லத்திலிருந்து தொழிலாகச் செவிலியப் பணி பெயர்ந்த கதையில் நடுநாயகமாக நிற்பவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல். 1820 மே 12-இல் பிறந்த அவர், செருமனியில் கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்துச் சீர்திருத்தத் திருச்சபைத் தொண்டுமகளிரிடம் பயின்றார். 1854-இல் கிரிமியப் போரின்போது 38 பெண்களோடு ஸ்குடாரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கத் துறவற சகோதரிகள் என்பது நம் வாசகர் பலரும் அறியாத செய்தியாக இருக்கலாம். 1860-இல் இலண்டன் புனித தோமையார் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது.

இரவில் விளக்கேந்தி நோயாளர் கட்டில்களுக்கிடையே நடந்த அவரது உருவம் உலகம் முழுவதும் பரவிற்று. ஆயின் அவ்விளக்கை ஏந்தியவரே 1855-இல் கிரிமியாவில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார் என்பதும், நாடு திரும்பியபின் பல்லாண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளும் படுக்கையிலுமே கழித்தார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. படுக்கையிலிருந்தபடியே அவர் எழுதிக் குவித்தார். இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றியும் ஓயாமல் எழுதினார். உலகம் விளக்கை நினைவில் வைத்தது, படுக்கையை மறந்தது.

நம் நாட்டுச் செவிலியர் பள்ளிகளில் மாணவியர் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழாவை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். நைட்டிங்கேல் பெயரால் வழங்கும் அவ்வுறுதிமொழி அவர் இயற்றியதன்று. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் உருவானது. தூய வாழ்வு, கடமை தவறாமை, மருத்துவருக்கு ஒத்துழைப்பு, நோயாளர் நலனுக்கு அர்ப்பணம் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. உறுதிமொழி எடுப்பவரின் நலனுக்கு யார் பொறுப்பு என்பது மட்டும் அதில் இல்லை. சுருங்கச் சொன்னால், மடத்திலிருந்து அர்ப்பணத்தையும் கீழ்ப்படிதலையும் வெண்ணிற உடையையும் தொழில் ஏற்றுக்கொண்டது. மணியை மடத்திலேயே விட்டுவிட்டு வந்தது.

நம் மண்ணில்

இந்தியாவில் முறையான செவிலியர் பயிற்சி 1871-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிற்று. நமக்கு அண்மையில், பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரான வேலூரில், மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிறு மருத்துவமனை 1909-இல் செவிலியர் பள்ளியாகவும் விரிந்தது. அதுவே 1946-இல் பட்டப்படிப்பு அளிக்கும் செவிலியர் கல்லூரியாக உயர்ந்தது. அந்நாளில் நோயாளரின் மலத்தையும் சீழையும் தொடும் வேலைக்குத் தம் பெண்களை அனுப்பப் பல குடும்பங்கள் கூசின. ஆதலின் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். அவர்களுள் ஏழைகளும் கைம்பெண்களும் பலர். போற்றப்பட்ட தொண்டு, இழிவாகக் கருதப்பட்ட வேலை என்னும் இரு முகங்களும் முதல் நாளிலிருந்தே அவர்களைத் தொடர்ந்தன.

எண்ணிக்கையும் சிந்திக்கத்தக்கது. விடுதலைக்குச் சற்று முன், 1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. மருத்துவரோ 6,300 பேருக்கு ஒருவர் இருந்தார். செவிலியரைவிட மருத்துவர் பன்மடங்கு மிகுந்திருந்த நாடு நம்முடையது. ஒரு கையால் செய்ய வேண்டியதைப் பத்துக் கைகளின் விரைவோடு செய்யும் வழக்கம் அன்றே நிலைத்துவிட்டது எனலாம்.

கொள்ளைநோய் வந்தபோது

இத்தகைய தோள்களின்மேல்தான் கொள்ளைநோய்கள் வந்து அமர்ந்தன. 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக்கு நோய் தெற்கேயும் பரவி, 1905-ஆம் ஆண்டளவில் திருவண்ணாமலையையும் எட்டிற்று. மக்கள் ஊரைக் காலி செய்து வெளியேறினர். மலைக்குகையில் தங்கியிருந்த ரமணர் அக்காலத்தில் சில மாதங்கள் வடகிழக்கு அடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலுக்கு இடம்பெயர்ந்து வாழ்ந்ததாக அவர் வரலாறு கூறும். ஊரே ஒதுங்கும்போது ஒதுங்க முடியாதவர் இருவர்: நோயாளி ஒருவர், அவர் அருகில் இருப்பவர் மற்றொருவர்.

பம்பாய்ப் பிளேக்கின்போது அன்றைய அரசு 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றிற்று. நான்கே பிரிவுகள் கொண்ட சிறு சட்டம் அது. பயணிகளைச் சோதிக்கவும் நோயுற்றோரைத் தனிமைப்படுத்தவும் கீழ்ப்படியாதோரைத் தண்டிக்கவும் அதில் அதிகாரம் இருந்தது. மருத்துவப் பணியாளரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இக்குறை 123 ஆண்டுகள் நீடித்தது.

1918-இல் நச்சுக்காய்ச்சல் எனப்படும் இன்ஃபுளுயன்சா வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சம் முதல் இரண்டு கோடி வரை மக்கள் மாண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அந்நாளில் அந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. நீர் புகட்டுதல், உடம்பைத் துடைத்துக் காய்ச்சலைத் தணித்தல், புரட்டிப் படுக்க வைத்தல், அருகில் இருத்தல் ஆகியவையே மருத்துவம். அதாவது, 1918-இன் மருத்துவம் முழுவதும் செவிலியமே. ஆயினும் அந்நோயைப் பற்றிய ஏடுகளில் மாண்டோரின் எண்ணிக்கை கிடைக்கும் அளவுக்கு, பேணியவர்களின் துயரம் கிடைப்பதில்லை. துயரம் இல்லாமல் போனதாலா? கேட்பார் இல்லாமல் போனதாலே!

களைப்புக்குப் பெயர் இட்டவர்கள்

கேட்போர் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தோன்றினர். 1960-இல் இசபெல் மென்சீஸ் என்னும் உளவியல் அறிஞர் இலண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் வாழ்வை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. அங்கே செவிலியர் ஒரு நோயாளியோடு நெருங்கிப் பழகாதபடி வேலைகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. நோயாளரைப் பெயர் சொல்லாமல், கட்டில் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலும் குறிப்பிட்டனர். இது கல்நெஞ்சத்தால் வந்ததன்று என்றார் அவர். சாவையும் வேதனையையும் நாள்தோறும் அருகிருந்து காண்பதால் எழும் அச்சத்தைத் தாங்க நிறுவனமே கட்டிக்கொண்ட அரண் அது. ஆனால் அவ்வரண் அச்சத்தைப் போக்கவில்லை; பணியின் நிறைவை மட்டும் பறித்தது. பயிற்சிக்கு வந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இடையிலேயே விலகிச் சென்றனர்.

இதனைப் படித்தபோது நமக்குத் துண்டுத் தாளின் எண்கள் நினைவுக்கு வந்தன. கட்டில் எண் ஓர் அரண். அந்த அரணையும் தாண்டி, பெயர் தெரியாதவர்களை அவர் ஆலயம் வரை சுமந்து வந்திருந்தார்.

1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் மருத்துவ உளவியலாளர், நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் உழைத்த தொண்டர்களும் தாமும் எரிந்து தீர்ந்த திரிபோல் ஆனதைக் கண்டு அந்நிலைக்கு ஒரு பெயரிட்டார். ‘பர்ன் அவுட்’ என்று இன்று வழங்குவது அதுவே. பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் மூன்று அடையாளங்களை வரையறுத்தார்: உள்ளம் வறண்டு போதல், எதிரில் இருப்பவரை மனிதராக உணர முடியாமல் மரத்துப் போதல், தாம் செய்வதால் பயனில்லை என்று தோன்றுதல். 2019-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனைத் தன் நோய் வகைப்பாட்டு நூலில் சேர்த்தபோது, தனிமனிதரின் நோய் என்று கூறவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியால் விளைவது என்றே கூறிற்று. இது முக்கியமான வேறுபாடு. விசுவாசம் குறைந்ததாலோ மன உறுதி இல்லாததாலோ வருவதன்று இது. வேலை வகுக்கப்பட்ட முறையால் வருவது.

இதனினும் ஆழமான புண் ஒன்று உண்டு. செய்ய வேண்டிய நன்மை எது என்று தெரிந்தும், சூழ்நிலை அதனைச் செய்ய விடாதபோது மனச்சான்று படும் வேதனை அது. 1984-இல் ஆண்ட்ரூ ஜேம்டன் செவிலியர் அறநெறி பற்றிய தம் நூலில் இதனைத் தனியே பிரித்துக் காட்டினார். மூச்சுத் திணறும் மூவர் இருக்க உயிர்வளிக் குழாய் ஒன்றே இருக்கும்போது, யாரிடம் செல்வது? சென்றவரிடம் சென்றதற்கும் செல்லாதவரிடம் செல்லாததற்கும் சேர்த்து இரவெல்லாம் கணக்குக் கேட்கும் மனச்சான்றை, நாம் குருமடத்தில் கற்ற அறநெறிப் பாடங்கள் போதிய அளவு அறிந்திருக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். பாவமில்லாத இடத்தில் குற்றவுணர்வு எரிகிறது. ‘நீ குற்றமற்றவள்’ என்னும் ஒற்றைச் சொல்லால் அது அணைவதில்லை. கேட்கும் காதும் காலமும் அதற்கு வேண்டும்.

எச்சரிக்கைகளும் இல்லாமலில்லை. 2003-இல் கனடாவின் டொரான்டோவில் சார்ஸ் நோய் பரவியபோது, முதல் அலை ஓய்ந்ததென்று கருதப்பட்ட மே மாதத்தில் புதிய நோயாளர் இருக்கிறார்கள் என்று செவிலியர் சிலர் எச்சரித்தனர். அது உரிய அளவில் செவிமடுக்கப்படவில்லை. இரண்டாம் அலை வந்தது. ஓராண்டு ஈராண்டு கழித்தும் அந்நகரின் மருத்துவப் பணியாளரிடையே மனச்சோர்வு மிகுந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. 2018-இல் கேரளத்தின் பேராம்பிரையில் நிப்பா நோயாளியைப் பேணியதால் தாமும் நோயுற்று மே 21 அன்று உயிர்நீத்த செவிலியர் லினியை நாடே போற்றியது. அவர் கணவருக்கு எழுதிச் சென்ற சில வரிகளிலோ தியாகத்தைப் பற்றிய பேச்சில்லை. இனிப் பார்க்க முடியாது என்ற துயரமும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோளுமே இருந்தன. அது வானதூதரின் கடிதமன்று, ஒரு தாயின் கடிதம்.

2020-உம் அதன் பின்னும்

நைட்டிங்கேல் பிறந்த இருநூறாம் ஆண்டென்று 2020-ஐ உலக நலவாழ்வு நிறுவனம் செவிலியர் ஆண்டாக முன்னரே அறிவித்திருந்தது. அவ்வாண்டிலேயே கோவிட் வந்தது. மார்ச் 22 அன்று நாடே கைதட்டிற்று. மே 3 அன்று வானூர்திகள் மருத்துவமனைகள்மேல் பூத்தூவின. அவ்விரு நாள்களுக்கிடையே, ஏப்ரல் 19 அன்று, கோவிட்டால் மாண்ட மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. வாழ்த்திய கையும் கல்லெறிந்த கையும் ஒரே சமுதாயத்தின் கைகளே. அதன்பின் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குத் தண்டனை வகுக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் கல்லிலிருந்து காக்கும் சட்டம் களைப்பிலிருந்து காப்பதில்லை.

2021 மே மாதத்தை நம் பகுதியினர் மறக்க மாட்டார்கள். தமிழகத்தில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டிய காலம் அது. திங்கள்தோறும் இலட்சக்கணக்கானோர் நடந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முந்தைய ஆண்டிலிருந்தே பௌர்ணமி இரவுகளில் வெறிச்சோடிக் கிடந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த வேங்கிக்கால் வழியே செல்லும் வேலூர்ச் சாலையில் ஆம்புலன்சு வண்டிகளின் ஒலி மட்டுமே இரவுகளை அறுத்தது. உள்ளே, முழு உடற்கவசம் அணிந்த செவிலியர் மணிக்கணக்காக நீர் பருகாமல், கழிவறை செல்லாமல் நின்றனர். வீடு திரும்பியும் பிள்ளையைத் தொடாமல் தனியறையில் படுத்தனர். பரிமாறுபவருக்கு முதலில் அப்பம் கொடுக்கச் சொன்ன அந்தப் பழைய விதியை நினைக்கும்போது நாணம் மேலிடுகிறது.

அரசு அக்காலத்தில் செவிலியருக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது, நன்றியோடு நினைக்கிறோம். ஆயின் பெருந்தொற்றுக்கென ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிவுக்கு வந்தது. புத்தாண்டு பிறந்த வேளையில் அவர்கள் சேலத்திலும் சென்னையிலும் தெருவில் அமர்ந்து போராடினர். மாற்றுப் பணி அளிப்பதாக அரசு தெரிவித்தது. நியமன விதிகள் பற்றிய வாதங்கள் இரு தரப்பிலும் உண்டு. அவற்றைத் தீர்ப்பது நம் வேலையன்று. நோய் வந்தபோது ‘வா’ என்றும், தணிந்தபோது ‘போ’ என்றும் சொல்லப்படுபவரின் உள்ளம் என்ன பாடுபடும் என்று கேட்பது நம் வேலை.

மணியைத் திரும்பக் கட்டுவோம்

‘உன்மீது நீ அன்பு கூர்வதுபோல’ என்பதே பிறரன்புக் கட்டளையின் அளவுகோல். தன்னை அழித்துக்கொள்வது அக்கட்டளையில் இல்லை. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 2001-இல் திருத்திய தன் அறநெறி விதிகளில், பிறருக்கு ஆற்றும் அதே கடமைகள் செவிலியர் தமக்கும் உண்டு என்று எழுதிற்று. 1893-இல் விடுபட்டது ஒரு நூற்றாண்டுக்குப் பின் இடம்பெற்றது.

போதிய எண்ணிக்கையில் செவிலியர், அளவான பணி நேரம், நிலையான வேலை, பேசுவதற்கு ஓர் ஆள் என்னும் இந்நான்குமே இக்காலத்து மடத்து மணி. இவற்றை வழங்குவது கருணையன்று, நீதி. நம் திருச்சபை நடத்தும் மருத்துவமனைகள் பல உள்ளன. ‘இது தொண்டு’ என்னும் சொல்லால் குறைந்த ஊதியத்தையும் நீண்ட இரவையும் மூடி மறைக்கும் சோதனை நமக்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோமாக. உறக்கமின்மையும் நடுக்கமும் வெறுமையும் தொடருமாயின் மனநல மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவன்று. 2022 முதல் இயங்கும் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பதையும் பங்குமக்கள் அறிதல் நன்று.

அவ்வாண்டுக் கல்லறைத் திருநாள் திருப்பலியில் பெயர்களோடு சேர்த்து அந்த எண்களையும் வாசித்தோம். மக்கள் திகைத்தனர்; பின்னர் விளங்கிக்கொண்டனர். திருப்பலி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் அந்தச் செவிலியரின் கையைப் பற்றி, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார். அவர் உடைந்து அழுதார். கைதட்டலுக்கும் பூமாரிக்கும் நம் புகழ்ச்சிக்கும் கலங்காத கண்கள் அக்கேள்விக்குக் கலங்கின. தமிழ் வீடுகளில் அன்பின் முதற்கேள்வி அதுவே. அதைக் கேட்கத் தெரிந்திருந்த அம்மூதாட்டியிடம் நாமும் பாடம் கற்றோம்.

மற்றொரு கொள்ளைநோய் வாராதென்று எவரும் உறுதி கூற இயலாது. அது வரும் நாளில் நாம் முதலில் தேட வேண்டியது பூமாலையையன்று. நமக்காக விழித்திருப்பவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்டு, இல்லையெனில் அவருக்காக மணி அடிக்கும் மனமே நமக்கு வேண்டும்.